எலும்பு முறிவும் அதற்கு மேலும்

திட்ட அக்கா நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குத் திட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. பொறியியல் பிரிவில் தட்டச்சுக்கு ஆள் கேட்டார்கள், போனாள், உட்கார்ந்தாள். பொறியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் எழுதுவது என்றால் அவருக்கு எட்டிக்காய். மத்திய அரசு ஏதாவது பணம் தருகிறேன் என்று அறிவித்துவிட்டால் போதும், அன்றைக்கே அவருக்குத் தலைவலி வந்துவிடும். "நீயே ஏதாவது எழுதிப் போடும்மா" என்று ஒருநாள் காகிதக் கட்டை அவள் மேசையில் தள்ளிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்று எது வந்தாலும் பிறகு அவள் தலையில்தான் விடிந்தது. சிலது கிடைத்தது, பலது கிடைக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்த பியூன்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவளிடம் ஒரு குணம். எதையும் முழுக்கப் படிக்காமல் விடமாட்டாள். இருமல் மருந்துப் புட்டியில் கொசு எழுத்தில் அச்சடித்திருப்பதை எல்லாம் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். அதற்குள் இருமலே நின்றுவிடும் என்று அவள் புருஷன் கிண்டல் செய்வார். அரசாங்கத்தின் நிபந்தனைகளையும் அவள் அப்படித்தான் படிப்பாள். படித்ததை மறக்கவும் மாட்டாள், அதுதான் கஷ்டம்.

அந்த வருஷம் உள்ளூர்ச் சாலைப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சின்ன ஊர்கள் தங்கள் ஊரிலேயே ஆபத்தான ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து நேரில் பார்ப்பார்கள். ஆபத்து உண்மைதான் என்று அவர்களுக்குப் பட்டால் அந்த இடத்தைச் சீர்செய்யப் பணம் வரும். பொறியாளர் வாயைத் திறப்பதற்குள் திட்ட அக்கா சொல்லிவிட்டாள், "ஆஸ்பத்திரி வளைவு சார்."

யாரும் மறுக்கவில்லை. அந்த வளைவைப் பார்த்தவன் எவனும் மறுக்கமாட்டான். ஒரு பக்கம் குடியிருப்பு, எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி. நடுவில் அகலமான சாலை, அதுவும் சரியாக அந்த இடத்தில் வளைகிறது. கல்குவாரி லாரிகள் இறக்கத்தில் வருகிற வேகத்தில், ஓட்டுநருக்கு ஆள் தெரிவதற்குள் லாரி ஆள்மேல் வந்துவிடும். நோயைக் காட்டப் போகிறவர்கள் ஒரு நோயோடு போய் இரண்டோடு திரும்புகிற இடம் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடப்பார்கள்.

ஆனால் அவள் அந்த இடத்தைச் சொன்னதற்கு வேறு காரணமும் இருந்தது. அது வீட்டுக்குள் இருந்தது.

அவள் புருஷன் அந்த ஆஸ்பத்திரியில்தான் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரை யாருடன் இணைக்க வேண்டுமோ இணைத்துக்கொண்டிருப்பார். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் நோயாளிக்கு மகனா மருமகனா என்று சொல்லிவிடுவார், முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். அந்த மனிதருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி என்று அவரே சொன்னார். கண் டாக்டரிடம் அவர்கள் ரகசியமாகப் பக்கத்து ஊருக்குப் போய்வந்தார்கள். போனதைத் திருப்பித் தர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார்.

"காலையில நான் உங்களை அந்தப் பக்கம் விட்டுட்டு ஆபீஸ் போறேங்க" என்றாள்.

"என் கையைப் பிடிச்சு நீ ரோட்டைத் தாண்ட விடு, மறுநாளே என்னை வீட்டுல உக்காரச் சொல்லிடுவாங்க. எனக்கு என்ன வயசாயிடுச்சு? உக்காந்து என்ன பண்றது, உன் முகத்தையா பாக்குறது? அதுவும் பாதிதான் தெரியும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள். தினமும் காலையில் காய் வாங்குகிற சாக்கில் சந்து முனையில் நிற்பாள். அவர் தலையைக் கோழி மாதிரி அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்குவார். எதிர்ப்பக்கம் ஏறி நின்று சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொள்வார். அதுவரை அவளுக்கு உயிர் கையில்தான் இருக்கும். காய்க்காரம்மா எத்தனை முறை விலை சொன்னாலும் காதில் விழாது.

அந்த வளைவுக்கு அவள் கேட்டது பெரிய மாயாஜாலம் ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்தினால் வண்டிகளுக்குச் சிவப்பு விழ வேண்டும், நடக்கிறவர்களுக்கு மணி ஒலிக்க வேண்டும், பாதி வழியில் நின்று மூச்சு வாங்க நடுவில் ஒரு மேடை வேண்டும். மணி ஒலித்தால் அவர் காதே அவருக்குக் கண்ணாகிவிடும். தன் வாழ்க்கையில் அத்தனை கண்ணும் கருத்துமாக அவள் எதையும் எழுதியதில்லை. முதல் சுற்றிலேயே விண்ணப்பம் தேறிவிட்டது. இரண்டு அதிகாரிகள் வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தபோது, பொறியாளர் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் பையிலிருந்து காசு வெளியே வந்ததை அலுவலகமே வேடிக்கை பார்த்தது.

இங்கேதான் அண்ணன் வருகிறார். திட்ட அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் அதே நகராட்சியில் சாலை மேஸ்திரி. குழி மூடுவது, கோடு போடுவது, தார் ஊற்றுவது எல்லாம் அவர் ஆட்கள்தான். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர். முதலில் குரல் வரும், பிறகுதான் ஆள் வருவார். தங்கை ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறாள் என்றால் அவருக்கு அது தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

"அண்ணே, வியாழக்கிழமை தலைநகர்ல இருந்து பெரிய ஆளுங்க வளைவைப் பாக்க வர்றாங்க. கொஞ்சம் பாத்துக்கோண்ணே" என்று அவள் சொன்னாள். வெயிலில் நிற்க ஒரு பந்தல், குடிக்கத் தண்ணீர், உட்கார இரண்டு நாற்காலி. அவள் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே பாப்பா. அண்ணன் இருக்கேன்ல?"

புதன்கிழமை அவள் விடுப்பு. புருஷனைக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள், அதைத் தள்ளிப்போட முடியாது. அண்ணனிடம்கூட உறவுக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போனாள். அதனால் புதன்கிழமை வளைவில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அதிகாரிகள் இருவரையும் ரயில் நிலையத்தில் வரவேற்று, நகராட்சி ஆணையரின் காரில் அவரோடு ஏற்றிக்கொண்டு நேரே வளைவுக்கு வந்தாள். ஒருவர் தொப்பி போட்ட நடுவயது அம்மாள், இன்னொருவர் கையில் கேமராவோடு ஓர் இளைஞர். கார் திரும்பியது. திட்ட அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். சாலையின் குறுக்கே பால் வெள்ளையில் பட்டை பட்டையாகக் கோடுகள். இரண்டு பக்கமும் புத்தம்புது வேகத்தடை, தார் இன்னும் மினுமினுத்தது. வளைவை மறைத்துக்கொண்டிருந்த புதரைச் சுத்தமாக வழித்திருந்தார்கள். இந்த முனையில் ஒரு போலீஸ்காரர், அந்த முனையில் ஒரு போலீஸ்காரர், வாயில் விசில். ஓரக்கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு. லாரி ஒன்றைக்கூடக் காணோம். அண்ணன் குவாரி முதலாளியின் வீட்டுக்கே போய், "ஊர் மானம் உங்க கையிலதான் இருக்கு" என்று கெஞ்சிக் கேட்டு அன்றைக்கு ஒருநாள் லாரிகளை நிறுத்தி வைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில், பந்தலுக்குக் கீழே, பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? அந்த மனிதருக்குத் தெரிந்தது அதுதான். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் குழியை மூடு, கோட்டைப் போடு, குப்பையைக் கண்ணில் படாமல் தள்ளு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துவந்தார், அதற்குத்தான் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். குழியைப் பார்க்கவே ஒருவர் ரயிலேறி வருவார் என்று அவர் எங்கே கண்டார்?

தொப்பி அம்மாள் கோட்டின்மேல் நடந்து போனார், நடந்து வந்தார். போலீஸ்காரர் விசில் ஊதி ஒரு சைக்கிளை நிறுத்தினார். வீல்சேரில் ஒருவரை ஆற அமரத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ரொம்ப நல்லா பராமரிக்கிறீங்க" என்றார் அந்த அம்மாள். உண்மையாகவே பாராட்டினார்.

"மேடம், இது இன்னிக்கு மட்டும்தான் இப்படி. நீங்க நேத்து வந்திருந்தா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

ஆணையர் குறுக்கே பாய்ந்தார். "எங்க நகராட்சி எப்பவுமே இப்படித்தான் மேடம்! இவங்க கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"லாரிங்க வரும் மேடம், கல்லு லாரி. இன்னிக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க."

தொப்பி அம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கெட்டவர் இல்லை. "நான் பாத்ததைத்தாம்மா எழுத முடியும். பாக்காததை எப்படி எழுதுறது? உங்களைவிட மோசமான ஊரு இன்னும் எவ்வளவோ வரிசையில நிக்குது" என்றார்.

கார் போனதும் அண்ணன் ஓடிவந்தார். "எப்படி? அசந்துட்டாங்கல்ல?"

"அண்ணே, என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேண்ணே!"

"என்ன பாப்பா சொல்றே? ராத்திரி பகலா நின்னு..."

"மானத்தைப் பாக்கவா வந்தாங்க? ஆபத்தைப் பாக்க வந்தாங்க! நீ அதைத் துடைச்சு வெச்சுட்டே!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த சுண்ணாம்புக் கறையை வேட்டியில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். "நீ சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். அவள் சொல்லியிருக்கலாம்தான். மாப்பிள்ளைக்குக் கண் தெரியவில்லை அண்ணே, அதற்காகத்தான் இத்தனையும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பத்துக் கேள்வி கேட்டிருப்பார், பதிலில் எல்லாம் தெளிவாகியிருக்கும். சத்தியம் அவள் வாயை அடைத்திருந்தது. அந்த அழகான வேகத்தடையோ, லாரிகள் திரும்பி வந்ததும் அப்பளமாக நொறுங்கிவிட்டது. முதல் மழையில் கோடும் கரைந்து போயிற்று.

பதில் வந்தது. பணம் வேறு ஊருக்குப் போய்விட்டது. திட்ட அக்கா பதிலைக் கடைசி வரி வரை படித்தாள். படிக்காமல் விட்டிருக்கலாம். நிராகரிக்கப்பட்ட இடத்தில் அந்த நிதியாண்டு முடிவதற்குள் விபத்து நடந்து யாருக்காவது எலும்பு முறிவோ அதற்கு மேலோ ஏற்பட்டால், ஊர் திரும்பவும் கேட்கலாம், மறுபடி பார்வையிட வராமலே முன்னுரிமை தருவார்கள் என்று இருந்தது.

"அப்புறம் என்ன, யாராவது கையைக் காலை உடைச்சுக்கிட்டா வேலை முடிஞ்சது" என்றார் பொறியாளர், கொட்டாவி விட்டுக்கொண்டே.

"என்ன சார் பேச்சு இது! வாயைக் கழுவுங்க."

அவர் சொன்னதை அவர் அப்போதே மறந்துவிட்டார். அவளால் முடியவில்லை. காதில் நுழைந்த எறும்பு மாதிரி அது உள்ளேயே ஊர்ந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தலை தானாகத் திரும்பியது. வளைவில் ஒரு பெரியவர் கால் இடறி விழுந்தார் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னபோது, "அய்யோ" என்று வாய் சொன்னது, சுளுக்கா முறிவா என்று மனசு கேட்டது. சுளுக்குத்தான். அன்று முழுக்க அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டாள். திட்டியும் போகவில்லை. நிதியாண்டு முடிய நெருங்க நெருங்க அது இன்னும் தைரியமாக வந்தது. யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், சும்மா ஒரு கை எலும்பு. ஒட்டிக்கொள்கிற எலும்புதானே. அதற்குப் பதிலாக இவர் பிழைத்துக் கிடப்பார். இப்படியெல்லாம் அவள் பேரம் பேசினாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியாது.

நிதியாண்டு முடியச் சில நாட்களே இருந்தபோது, ஒருநாள் காலை அவள் புருஷன் வழக்கம்போல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். சாப்பாடு கொண்டுபோகிற பைக் ஒன்று, வளைவின் ஓரத்தை ஒட்டி, அவருடைய கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து வந்தது. அவர் நிற்கவே இல்லை, நேரே நடந்தார். பிரேக் கிறீச்சிட்டது. பைக் சாய்ந்து, தீப்பொறி பறக்க இழுத்துக்கொண்டு போய் ஓரக்கல்லில் மோதியது.

காய்ப்பை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள். நடுச்சாலையில் அவர் நின்றுகொண்டிருந்தார், பேயறைந்த மாதிரி, ஆனால் முழுசாக, இரண்டு காலில். அதைப் பார்த்ததும் அவள் அவரைத் தாண்டிப் போய், விழுந்து கிடந்த பைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கால் பைக்குக்கு அடியில் ஒரு தினுசாக மடிந்திருந்தது. பேன்ட் கிழிந்து ரத்தம்.

"எலும்பு உடைஞ்சிருக்கா? காலை அசைச்சுப் பாருப்பா."

யாரோ பைக்கைத் தூக்கினார்கள். அவன் மெதுவாகக் காலை நீட்டினான், மடக்கினான். எழுந்து நொண்டி நொண்டி இரண்டு எட்டு வைத்தான்.

"ஒண்ணும் இல்லக்கா. தோல்தான் உரிஞ்சிருக்கு."

"ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா. ஏதோ நல்ல நேரம்."

"வெளியில தெரியாதுப்பா, உள்ளே விரிசல் விட்டிருக்கும். எதிர்லதான் ஆஸ்பத்திரி, ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம் வா. மணிக்கட்டைக் காட்டு. இங்கே வலிக்குதா? இங்கே? நல்லா அழுத்திப் பாத்துச் சொல்லு."

"வலிக்கலக்கா. சாப்பாடு ஆறிடும், நான் போகணும்."

"ஒரு எக்ஸ்ரேப்பா. ஒண்ணே ஒண்ணு."

கூடியிருந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள், எவ்வளவு நல்ல மனசு பாரு இந்த அம்மாவுக்கு, முன்பின் தெரியாத ஆளுக்காக எப்படித் துடிக்கிறாங்க என்று. அவள் அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள்.

யாரோ அவள் புருஷனைக் கைத்தாங்கலாக ஓரத்துக்குக் கூட்டிவந்து விட்டார்கள். அவர் அவள் அருகில் வந்து நின்றார். தணிந்த குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"ஒரு விஷயம் கேக்கட்டுமா? ஆளுக்கு ஆபத்து இல்லேன்னு நான் டெலிபோன்ல சொல்லுவேன். கேக்குறவங்க குரல் மேல ஏறும், அப்படியே வெடிச்சு அழுவாங்க. இந்தப் பையன் ஒண்ணும் இல்லேன்னான். உன் குரல் கீழே இறங்கிப் போச்சு. ஏம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன பொய் சொல்வது என்று தேடினாள். இந்தக் காதிடம் எந்தப் பொய் நிற்கும்?

"எலும்பு உடைஞ்சிருந்தாத் தேவலைன்னு நெனச்சேங்க" என்றாள். "முறிஞ்சிருந்தா மறுபடியும் கேக்கலாம். சிக்னல் வந்துடும். உங்களுக்காகத்தாங்க."

அவள் படித்துச் சொல்கிற நிபந்தனைகளை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாதி மனப்பாடம்தான்.

"அப்ப நான் விழுந்திருந்தா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எனக்கு உடைஞ்சிருந்தாலும் கணக்குல வந்திருக்குமில்ல?"

வந்திருக்கும். உள்ளூர்வாசி, நடந்து கடந்தவர், அதே இடம், அதே நிதியாண்டு. கேள்வி முடிவதற்குள் எல்லாம் பொருந்துகிறது என்று அவள் மூளை டிக் அடித்து முடித்திருந்தது. அவர் இப்படி உயிரோடு முன்னால் நிற்கும்போதே அடித்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை. பைக்காரனின் கையை விட்டாள். ஓரக்கல்லில் அப்படியே உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதாள்.

பைக்காரன் பதறிப் போனான். ரத்தம் வழிகிற முழங்காலை மடக்கி அவள் முன்னால் குந்தினான்.

"அக்கா, அழாதீங்கக்கா. சத்தியமா எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. இதோ பாருங்க, கை நல்லா இருக்கு. கால் நல்லா இருக்கு" என்று ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினான். அவன் காட்டக் காட்ட அவளுக்கு அழுகை கூடிக்கொண்டே போயிற்று.